அயர்லாந்தின் வட்டக் கோட்டைகளைக் காப்பாற்றியது பயம்தானா?

மேற்குக்காற்று எழுதியது:

அயர்லாந்து நாட்டார் வழக்காறு என்றாலே பச்சைத் தொப்பி போட்ட குள்ளனும் தங்கப் பானையும் வந்து நிற்கின்றன. விமான நிலையக் கடையில் விற்கும் அந்தப் பொம்மையை ஒதுக்கி வைத்துவிட்டு, இங்குள்ள கிராமத்து மனிதர்கள் உண்மையில் எதற்குப் பயந்தார்கள் என்று பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் கிளேர் மாவட்டத்தில் வசிக்கிறேன். லிமெரிக்கிலிருந்து எனிஸ் வரும் நெடுஞ்சாலையில், லட்டூன் என்ற இடத்தில், ஒற்றை ஹாதார்ன் முள்மரம் ஒன்று சாலையோரம் வேலிக்குள் நிற்கிறது. 1999இல் புதிய சாலை போட்டபோது அது வேலைக்குக் குறுக்கே இருந்தது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். மன்ஸ்டர் பகுதியின் 'நல்ல மக்கள்', அதாவது கதைகளில் வரும் மாய மக்கள், கோனாக்ட் பகுதியினரோடு போருக்குப் போகும்போது கூடும் இடம் அது, வெட்டினால் அந்தச் சாலையில் கேடு வரும் என்பது அவர் வாதம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை செய்தி போனது. கடைசியில் மரத்துக்கு இடம் விட்டே சாலையை அமைத்தார்கள். 2002இல் யாரோ இயந்திர ரம்பத்தால் கிளைகளை எல்லாம் வெட்டிப் போட்டார்கள். அடிமரம் சாகவில்லை, மறுபடியும் துளிர்த்துவிட்டது.

ஒரு மரத்துக்கே இத்தனை என்றால், வயல்களில் வட்ட வட்டமாகக் கிடக்கும் பழைய மண்கோட்டைகளை எண்ணிப் பாருங்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 45,000 என்கிறார்கள். அங்கே 'அவர்கள்' குடியிருக்கிறார்கள், கை வைக்காதே என்ற பயம்தான் இவற்றைக் காப்பாற்றியது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இது உண்மைதானா? எவ்வளவு தூரம் உண்மை?

---

ஏர்முனை எழுதியது:

நல்ல கேள்வி, தோழி. கோட்டை என்றதும் படையும் கொத்தளமும் நினைத்துக்கொள்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம்.

இவை பெரும்பாலும் கி.பி. 500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்து உழவர் வீட்டு வளாகங்கள். விட்டம் ஏறத்தாழ 30 மீட்டர். சுற்றிலும் அகழி வெட்டி, அந்த மண்ணை உள்பக்கமாகவே கரையாகக் குவித்திருப்பார்கள். உள்ளே சுள்ளி பின்னிய சுவர்களோடு வட்ட வீடு. மேற்கே பாறை நிலத்தில் மண்கரைக்குப் பதிலாகக் கல்மதில். அகழாய்வில் கிடைக்கும் எலும்புகளில் மாட்டெலும்பே மிகுதி; அதிலும் வளர்ந்த பசுக்கள். அதாவது பாலுக்காக வளர்த்தவை. கி.பி. 700 அளவில் எழுதப்பட்ட 'கிரீத் கப்லக்' என்ற சட்ட நூல், ஒருவனுடைய அந்தஸ்தை அவன் வீட்டின் அளவையும் மாட்டையும் வைத்தே வகுக்கிறது. பசுதான் அன்றைய நாணயம்.

இந்த வளாகங்கள் பலவற்றில் நிலவறைகள் உண்டு. கருங்கல் அடுக்கிய சுவர், மேலே பெரிய பலகைக் கல், நடுவில் தவழ்ந்துதான் போக முடியும் என்கிற அளவுக்கு ஒடுங்கும் வழி. உணவுப் பொருள் கெடாமல் வைக்கவும், கொள்ளைக்காரர்கள் வந்தால் ஒளிந்துகொள்ளவும் கட்டியவை. சில நூற்றாண்டுகள் கழித்து, கட்டியவர்களின் நினைவே அற்றுப்போன பிறகு, மேயும் மாட்டின் கால் திடீரென்று ஒரு பொந்துக்குள் இறங்குகிறது. எட்டிப் பார்த்தால் பூமிக்கடியில் சுவர் எழுப்பிய அறை! கீழே யாரோ குடியிருக்கிறார்கள் என்று ஒருவன் நினைத்தால் அதில் வியப்பு இல்லை. கண்ணால் கண்ட சான்றின்மீது எழுந்த நம்பிக்கை அது.

---

கயல்விழி எழுதியது:

'நல்ல மக்கள்' என்று சொல்வது ஏன்? கதைகளில் அவர்கள் செய்வதெல்லாம் கெடுதலாகத்தானே இருக்கிறது?

---

மேற்குக்காற்று எழுதியது:

அதனால்தான், கயல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழுந்துவிடும். ஐரிஷ் மொழியில் 'ஷீ' என்ற பெயர் இருந்தாலும் வீட்டில் பேசும்போது 'நல்ல மக்கள்', 'அந்தப் பெரியவர்கள்', வெறுமனே 'அவர்கள்' என்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை இரவில் வாசலில் வீசும் முன்னர் எச்சரிக்கைக் குரல் கொடுப்பதும் இதே மரியாதைதான். வழியில் போகிறவர் மேல் பட்டுவிடக் கூடாதல்லவா.

---

ஆவணப்பித்தன் எழுதியது:

இந்த இழைக்காகவே காத்திருந்தவன் போல வருகிறேன். 1935இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் முழுநேரச் சேகரிப்பாளர்கள் மெழுகு உருளையில் ஒலிப்பதியும் கனமான எடிஃபோன் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். உருளை விலை அதிகம். ஆகவே பதிந்ததைக் கேட்டுக் கையால் எழுதிய பிறகு மெழுகைச் சீவிவிட்டு அதையே மறுபடி பயன்படுத்தினார்கள். எழுத்து நின்றது; குரல்களில் பெரும்பாலானவை போய்விட்டன.

ஆணையம் செய்த மிகப் பெரிய காரியம் வேறு. 1937 முதல் 1939 வரை, 26 மாவட்டங்களில் ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, "வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வாருங்கள்" என்றார்கள். பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். மொத்தம் ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். ஆணையத்தின் தொகுப்பு இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது. 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. பள்ளித் தொகுப்பு முழுவதையும் 'டூகஸ்' இணையதளத்தில் யாரும் படிக்கலாம். கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த தலைப்புகளில் கோட்டைகளும் ஒன்று. அந்தப் பக்கங்கள் ஏறக்குறைய ஒரே நடையில் போகும். எங்கள் பகுதியில் இத்தனை கோட்டைகள், இன்னார் வயலில் இருக்கிறது, ஒன்றின் மேல் நின்றால் அடுத்தது தெரியும், சுற்றிலும் முள்மரங்கள், நடுவில் ஒரு பொந்து, டேனியர்கள் (வைக்கிங்குகள்) கட்டியதாம், இரவில் விளக்கு தெரிந்ததாம், இசை கேட்டதாம். கடைசி வரிகளில்தான் நம் விஷயம் வரும். நிலத்துக்காரர் ஒருவர் அங்கே மரத்தை வெட்டினார், கை வீங்கிவிட்டது. இன்னொருவர் கரையை இடித்தார், அந்த வருடமே மாடுகள் செத்தன. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, தலைமுடி ஒரே இரவில் கொட்டிவிட்டது. மாவட்டம் மாறினாலும் தண்டனைகள் மாறுவதில்லை.

இத்தனை வாய்களிலிருந்து வரும் இந்த எச்சரிக்கை ஒரு காவல்காரனின் வேலையைச் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

---

சாட்சிக்கூண்டு எழுதியது:

எனக்குச் சந்தேகம் இருக்கிறது, ஐயா. விடைகள் ஒரே மாதிரி இருப்பதற்கு முதல் காரணம், கேள்விகள் ஒரே மாதிரி இருந்தது. "விளக்கு தெரிந்ததா, இசை கேட்டதா, கை வைத்தவருக்கு என்ன ஆனது" என்று வழிகாட்டிக் கையேடு கேட்டால், பிள்ளை அதற்குத்தான் பதில் எழுதும். கரையை இடித்துவிட்டுச் சுகமாக வாழ்ந்தவரைப் பற்றி எழுத அந்தப் பிள்ளைக்கு என்ன தூண்டுதல்? ஒன்றும் நடக்கவில்லை என்பது கதையாகாது.

அடுத்தது உழைப்புக் கணக்கு. 30 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 94 மீட்டர். கரை ஒன்றரை மீட்டர் உயரம், அடியில் நான்கு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 280 கன மீட்டர் மண். நானூறு டன்னுக்குக் குறையாது. இதை மண்வெட்டியால் வெட்டி அகழியில் தள்ளினால் கிடைக்கும் புது நிலம் கரை நிற்கும் இடமும் அகழி ஓடும் இடமும் மட்டும்தான். கரைக்கடியில் உள்ளது ஒன்பது சென்ட். உட்புறத்தில் ஏற்கெனவே மாடு மேய்கிறது. அதோடு 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான உழவர்கள் குத்தகைதாரர்கள். நிலத்தைத் திருத்தினால் குத்தகை ஏறுமோ என்ற கவலை வேறு. இப்படிப்பட்ட வேலையைச் செய்யாமல் இருக்க ஷீ மக்கள் தேவையே இல்லை.

இதற்கெல்லாம் மேலே, மேற்குக் காற்றில் மாட்டுக்கு ஒதுங்க அந்தக் கரை நல்ல மறைவு.

---

மேற்குக்காற்று எழுதியது:

கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அண்ணா, அந்தக் கணக்கு மரத்துக்குப் பொருந்துமா?

ஒற்றை முள்மரத்தை வெட்டக் கோடரி ஒன்று போதும், கால்மணி நேர வேலை. வயலின் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு உழவின்போதும் இயந்திரத்தை வளைத்துப் போக வைக்கிறது. வெட்டினால் லாபம், வெட்டுவது சுலபம். அப்படியும் நிற்கிறது. எங்கள் பகுதியில் டிராக்டர் சால்கள் நேராக வந்து, மரத்தருகே கண்ணிமை போல வளைந்து, மறுபடி நேராகப் போவதை நீங்களே பார்க்கலாம். இங்கே மண்வெட்டிச் சிரமம் என்ற காரணம் எங்கே போகும்?

இன்னொன்று. இதே ஹாதார்ன்தான் நாடு முழுவதும் உயிர்வேலி. வேலியாக நட்ட மரத்தை ஒவ்வோர் ஆண்டும் இயந்திரம் வைத்துக் கழிக்கிறார்கள், யாருக்கும் தயக்கம் இல்லை. யாரும் நடாமல் தானாக முளைத்து, தனியாக நிற்கும் மரத்தைத்தான் தொடமாட்டார்கள். மே மாதத்தில் அது வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும்போது ஒரு கிளையை ஒடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் இன்றைக்கும் வயதானவர்கள் முகம் சுளிப்பார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் இவ்வளவு தெளிவு இருக்கும்போது அதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது.

---

ஏர்முனை எழுதியது:

இருவரும் சொல்வதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1830களிலும் 40களின் தொடக்கத்திலும் ராணுவ அளவைத் துறை இந்தத் தீவு முழுவதையும் மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைபடமாக்கியது. கோட்டைகள் எல்லாம் வட்டங்களாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரைபடத்தையும் இன்றைய வான்படங்களையும் அருகருகே வைத்தால் எவை போயின என்று தெரிந்துவிடும்.

நிறையப் போயிருக்கின்றன. மண் தள்ளும் இயந்திரம் வந்த பிறகு, அதிலும் 1973இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்து, நிலத் திருத்தத்துக்கு மானியம் கிடைக்கத் தொடங்கிய பிறகு, அழிவு வேகமெடுத்தது. 1930ஆம் ஆண்டின் தேசிய நினைவுச் சின்னங்கள் சட்டம் அப்போதும் இருந்தது. தனியார் வயலுக்குள் அது எட்டிப் பார்த்தது குறைவு. நானூறு டன் மண் ஒரே நாள் வேலையாகச் சுருங்கியதும் பல கோட்டைகள் சாய்ந்துவிட்டன என்பது சாட்சிக்கூண்டு அவர்களின் பக்கம் பேசுகிறது.

ஆனாலும் அதே காலத்தில், கூலிக்கு இயந்திரம் ஓட்டுபவர்கள் "கோட்டையைத் தொடமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள்" என்று இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கிய கதைகளை ஊருக்கு ஊர் கேட்கலாம். நிலம் அவர்களுடையது அல்ல, இடிப்பதால் கூலிதான் வரும். அந்தக் கூலியை வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 2017இல் கெர்ரியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேனி ஹீலி-ரே, ஒரு நெடுஞ்சாலை திரும்பத் திரும்ப உள்வாங்குவதற்கு அங்குள்ள கோட்டைகளே காரணம் என்ற தம் நம்பிக்கையை வெளிப்படையாகவே சொன்னார். கிராமத்து மக்களில் பலர் மனத்தில் வைத்திருப்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

---

நெய்தல் நிலவன் எழுதியது:

கெர்ரியிலிருந்து வணக்கம். கோட்டையை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் பாதிதான் புரியும். இங்கே பயத்தின் நடுமையம் வெண்ணெய்.

நான் சொல்வதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை உலகத்திலேயே பெரியது எனப் பெயர் பெற்றது. தெற்கே மலைக்கிராமங்களிலிருந்து மரப்பீப்பாயில் அடைத்த உப்பு வெண்ணெய் குதிரை முதுகில் அங்கே போனது. சிறு குடியானவனுக்குக் குத்தகைப் பணம் அதிலிருந்துதான். வெண்ணெய் திரளவில்லை என்றால் வீடே போய்விடும். ஆக, எங்கே பணம் இருக்கிறதோ அங்கேதான் காவல் நிற்கிறது.

மே முதல் நாள், ஐரிஷில் பியால்டினா, கோடை தொடங்கும் நாள். மாடுகளை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டும் பருவம். அன்று வீட்டிலிருந்து நெருப்பு, பால், உப்பு, தண்ணீர் எதையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. அண்டைவீட்டுக்காரி அடுப்புக்குக் கங்கு கேட்டு வந்தாலும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். கங்கோடு அந்த வருடத்து வெண்ணெயும் போய்விடும். விடியலுக்கு முன்னால் யாராவது உங்கள் வயலில் துணியை இழுத்துப் பனிநீர் சேகரித்தால், உங்கள் பாலின் கொழுப்பு முழுவதும் அவள் பானைக்குப் போகிறது. முயலுருவில் வந்து பசுவின் மடியில் பால் குடிக்கும் கிழவியின் கதை தீவு முழுவதும் உண்டு. வேட்டைநாய் அந்த முயலின் காலைக் கடிக்கும். ரத்தத்தடத்தைப் பின்தொடர்ந்து போனால் ஒரு குடிசை. உள்ளே காலில் காயத்தோடு கிழவி.

இதற்குக் காப்பு, முந்தைய மாலையே பறித்து வந்த மஞ்சள் பூக்கள். வாசற்படியில், சன்னல் விளிம்பில், தொழுவத்தின் கதவில் தூவுவார்கள். வெண்ணெயின் நிறத்துப் பூ வெண்ணெயைக் காக்கிறது.

கடையும்போது வீட்டுக்குள் யார் வந்தாலும், வந்தவர் மத்தை ஒரு தடவையாவது பிடித்துக் கடைந்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். மறுத்தால், வெண்ணெயை எடுத்துப் போக வந்தவர் என்று பொருள். இந்த வழக்கத்தை நேரில் அறிந்த முதியவர்கள் என் ஊரில் இருக்கிறார்கள்.

---

புல்வெளி எழுதியது:

பால் பண்ணைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். பாலேடு ஏறத்தாழ 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும்போதுதான் ஒழுங்காகத் திரளும். குளிர்ந்த அடுக்களையில் மணிக்கணக்காகக் கடைந்தாலும் நுரைதான் வரும். வெண்ணெய் களவு போனால் செய்யும் பரிகாரங்களைப் பாருங்கள்: கடையும் பீப்பாயின் அடியில் கங்கு வைப்பது, பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பது. சூனியத்தை முறிக்கச் செய்ததாகவே அவர்கள் எண்ணினார்கள். குளிர்நாளில் அந்தச் சூடே பாலேட்டைத் திரள வைத்திருக்கும் என்று நான் கருதுகிறேன். பரிகாரம் பலித்தது, பலித்ததால் நம்பிக்கை உறுதியானது.

வருகிறவர் எல்லோரும் கடைய வேண்டும் என்பதும் அருமையான ஏற்பாடு. கை மாற்ற ஆள் கிடைக்கிறது. வந்தவர் மீது பழியும் விழாது.

---

கயல்விழி எழுதியது:

எல்லோரும் இந்தப் பயத்தைப் பாராட்டிக்கொண்டே போவது எனக்கு ஒப்பவில்லை. கோட்டையைக் காத்த அதே பயம் ஒரு பெண்ணை எரித்திருக்கிறது. அதையும் இங்கேயே பேச வேண்டும்.

பிரிஜெட் கிளியரி. டிப்பரேரி மாவட்டம், பாலிவாட்லி. இருபதுகளில் இருந்தவர். தையல்காரி, சொந்தத் தையல் இயந்திரம் வைத்திருந்தார், கோழி வளர்த்து முட்டை விற்றார். கணவர் மைக்கேல் பீப்பாய் செய்பவர். குழந்தை இல்லை. 1895 மார்ச் தொடக்கத்தில், கைலனாக்ரானா என்ற கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு வீட்டுக்கு முட்டை கொடுக்கப் போய்வந்த பிறகு காய்ச்சலில் படுத்தார். மருத்துவரும் வந்தார், பாதிரியாரும் வந்தார். ஆனால் உறவினரான ஒரு முதியவர், கதைகள் தெரிந்தவர், படுக்கையில் கிடப்பது பிரிஜெட் அல்ல, ஷீ மக்கள் அவரைத் தூக்கிப்போய்விட்டு அவர் இடத்தில் வைத்த வேறொன்று என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததற்கு நீதிமன்றச் சாட்சியங்கள் இருக்கின்றன. பாலில் காய்ச்சிய மூலிகையை வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றினார்கள். "கடவுள் பெயரால் சொல், நீ மைக்கேல் கிளியரியின் மனைவி பிரிஜெட்தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தந்தையும் உறவினர்களும் அந்த அறையிலேயே இருந்தார்கள். மார்ச் 15 இரவு கணவர் அவரை விளக்கில் இருந்த மண்ணெண்ணெயை ஊற்றி எரித்தார். பிறகு கைலனாக்ரானா கோட்டைக்குப் போய், உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், அவளைக் கட்டியிருக்கும் கயிற்றை அறுத்து மீட்டுவிடலாம் என்று கறுப்புக் கைப்பிடிக் கத்தியோடு காத்திருந்தார். மார்ச் 22 அன்று, வீட்டுக்குச் சற்றுத் தொலைவில், ஆழமற்ற குழியில் உடலைக் காவலர்கள் கண்டெடுத்தார்கள். திட்டமிட்ட கொலை அல்ல, மரணம் விளைவித்த குற்றம் என்று தீர்ப்பாகி, மைக்கேல் பதினைந்து ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

கைப்பணம் உள்ள, யாருக்கும் அடங்கி நிற்காத, குழந்தையில்லாத ஒரு பெண். ஊர்வாய்க்கு அது போதாதா? முயலாக மாறும் கிழவி என்று மேலே எழுதினீர்களே, நெய்தல். அந்தக் குற்றச்சாட்டு யார் மேல் விழுந்தது? தனித்து வாழும் பெண்கள் மேல்.

---

நெய்தல் நிலவன் எழுதியது:

நீங்கள் சொல்வது சரி. நோயுற்ற குழந்தைகளும் இதில் மாட்டிக்கொண்டார்கள். தேறாத குழந்தையை 'மாற்றி வைத்தது' என்று சந்தேகித்து ஃபாக்ஸ்குளோவ் செடியின் சாற்றைக் கொடுப்பதுண்டு. இதயத்தைத் தாக்கும் கடும் நஞ்சு அது. தொட்டிலின் குறுக்கே இரும்பு இடுக்கியை வைத்துவிட்டுத்தான் தாய் கிணற்றுக்குப் போவாள். மேற்கே சிறு பையன்களுக்குப் பாவாடை கட்டி வளர்த்தார்கள். ஷீ மக்கள் ஆண் குழந்தைகளைத்தான் தூக்கிப்போவார்கள் என்ற நம்பிக்கை. அரன் தீவுகளில் எடுத்த பழைய புகைப்படங்களில் அந்தப் பையன்கள் பாவாடையோடு நிற்கிறார்கள்.

---

சாட்சிக்கூண்டு எழுதியது:

பிரிஜெட் கிளியரி வழக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற கோரிக்கை சூடாக இருந்த காலம் அது. "இவர்களுக்கா ஆட்சிப் பொறுப்பு?" என்று கேட்க எதிர்த்தரப்பு ஏடுகளுக்கு இந்தச் சாவு வாய்ப்பாகப் போயிற்று. அண்டை அயலார் பலர் இந்தச் செயலால் உறைந்துபோனார்கள். வழக்கில் சாட்சி சொன்ன பெண்ணும் அதே அறையில் இருந்தவர்தான். கதை எல்லோருக்கும் தெரியும். கதையைக் கையில் எடுத்து ஒரு மனிதரை எரிக்கும் அளவுக்குப் போனவர் ஒருவர். அவரைத் தடுக்காமல் நின்றவர்கள் பலர். நான் கதையைக் குற்றவாளியாக நிறுத்துவதைவிட அந்தப் பலரைத்தான் நிறுத்துவேன்.

---

கயல்விழி எழுதியது:

தடுக்காமல் நின்றதற்குக் கதைதானே துணிவு கொடுத்தது? இதில் உங்களோடு நான் உடன்பட முடியாது.

---

ஆவணப்பித்தன் எழுதியது:

இன்னொரு காரணம் இங்கே யாரும் சொல்லாமல் விடுபட்டிருக்கிறது. பல கோட்டைகளில் குழந்தைகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுவுக்குத் தேவாலயத்து மயானத்தில் இடம் கிடையாது என்பது திருச்சபை நடைமுறை. மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, இரண்டுக்கும் வெளியே ஓர் இடம் என்று போதித்தார்கள். ஆகவே இறந்து பிறந்த குழந்தையைத் தகப்பனோ மாமனோ சிறு பெட்டியில் வைத்து, பொழுது சாய்ந்த பிறகு, விடிவதற்குள் கொண்டுபோய்ப் புதைப்பார். பாதிரியார் வரமாட்டார். தாய் பெரும்பாலும் படுக்கையில் இருப்பாள். இடம் எதுவென்று அவளுக்குச் சொல்லாமலே விட்டதும் உண்டு. இந்தப் புதைவிடங்களைக் 'கில்லீன்' என்பார்கள். ஊர் எல்லை, கடலோரம், இடிந்த பழைய கோயில், ஒற்றை முள்மரத்தடி, அடுத்தபடியாக வட்டக் கோட்டையின் உட்புறம். எழுதாத சிறு கற்கள்தான் அடையாளம். சில இடங்களில் வெள்ளைப் படிகக் கல். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது.

இப்போது யோசியுங்கள். ஒரு கிழவர் தம் பேரனிடம் "அந்தக் கோட்டைக்குள் விளையாடப் போகாதே, அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்" என்று சொல்கிறார். உள்ளே தம் தங்கை கிடக்கிறாள் என்பதை அவர் சொல்லமாட்டார். வாய்திறக்கக் கூடாத துக்கம் அது. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டில் ஷீ மக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதைப் பற்றிப் பெரும்பாலும் ஒற்றை வரிதான்.

2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம், இந்தக் குழந்தைகளுக்கும் மீட்பு உண்டு என்று நம்பக் காரணங்கள் இருப்பதாக ஆவணம் வெளியிட்டது. பல ஊர்களில் இப்போது கில்லீன்களைத் துப்புரவு செய்து, நினைவுக்கல் நட்டு, பாதிரியாரை அழைத்துப் பிரார்த்தனை செய்திருக்கிறார்கள். எண்பது வயதுத் தாய்மார்கள் முதல் முறையாக அங்கே வந்து நின்றிருக்கிறார்கள்.

---

மேற்குக்காற்று எழுதியது:

இதைப் படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. செவிலியாகப் பணிபுரிபவள் நான். மருத்துவமனையில் குழந்தையை இழந்த தாயிடம் எப்படிப் பேச வேண்டும், எவ்வளவு நேரம் குழந்தையை மடியில் வைத்திருக்க விட வேண்டும் என்றெல்லாம் எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். இதே நாட்டில், இப்போது உயிரோடு இருக்கும் பெண்களுக்கு, அந்தக் குழந்தையின் இடம்கூடத் தெரியாமல் இருந்திருக்கிறது.

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். மண்வெட்டியின் சிரமமும் இருந்தது, மாட்டுக்கு மறைவும் இருந்தது. ஆனால் கோட்டையைச் சுற்றி நடந்த மனிதர்கள் அதைக் காலி நிலமாகப் பார்க்கவில்லை. அடியில் அறை இருந்தது, சில இடங்களில் அவர்களுடைய குழந்தைகளும் இருந்தார்கள்.

---

சாட்சிக்கூண்டு எழுதியது:

மரத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, தோழி. கோடரிக் கணக்கு உங்கள் பக்கம்தான். கோட்டையைப் பொறுத்தவரை, இயந்திரம் வந்ததும் விழுந்தவற்றையும் நின்றவற்றையும் ஒரு மாவட்டம் எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். கில்லீன் உள்ள கோட்டைகள் மற்றவற்றைவிட அதிகம் தப்பியிருக்கின்றனவா? இதை வரைபடத்தோடு ஒப்பிட்டால் நம் விவாதம் வேறு தளத்துக்குப் போகும். ஏர்முனை, நீங்கள் கிளேர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் நான் கார்க்கை எடுத்துக்கொள்கிறேன்.

---

ஏர்முனை எழுதியது:

எடுத்துக்கொண்டேன். தனி இழை தொடங்கலாம். கில்லீன்களில் பதிவாகாதவை நிறைய என்பதை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வோம்.

---

புதுவரவு எழுதியது:

இந்தக் கோடையில் குடும்பத்தோடு அயர்லாந்து வருகிறோம். ஒரு கோட்டையையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. எங்கே போகலாம், அண்ணா?

---

ஏர்முனை எழுதியது:

தேசிய நினைவுச் சின்னங்கள் சேவையின் இணைய வரைபடம் இலவசம். நீங்கள் தங்கும் ஊரைத் தேடினால் சுற்றியுள்ள கோட்டைகள் புள்ளிகளாகத் தெரியும். பெரும்பாலானவை தனியார் வயல்கள். நிலத்துக்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், கதையும் சேர்த்துச் சொல்லுவார்கள். கன்று ஈன்ற பசு இருக்கும் வயலுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம். வாயிற்கதவு மூடியிருந்தால் மூடிவிட்டு வாருங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். பொந்து ஏதாவது தெரிந்தால் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள், கூரைக்கல் ஆயிரம் ஆண்டு பழையது. உட்புறத்தில் சிறு கற்கள் வரிசையாகத் தெரிந்தால் மிதிக்காமல், எடுக்காமல், சுற்றிப் போங்கள்.

தனியார் நிலத்தில் இறங்கத் தயக்கமாக இருந்தால் கிளேர் மாவட்டத்தின் பர்ரன் பகுதிக்குப் போங்கள். காஹர்கானெல் என்ற கல்மதில் கோட்டை அங்கே இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம்.